கட்டடங்களுக்கு நடுவே ஒரு சிறு ஷின்தோ கோயில்: டோக்கியோவில் முதல்முறை கும்பிடப் போகிறவர்களுக்கு

மெய்ஜி ஜிங்கூ போன்ற பெரிய கோயிலில் வாசலிலிருந்து சன்னிதி வரை நடக்கவே பத்து நிமிடம் ஆகும். முன்னால் போகிறவர் எங்கே குனிகிறார், எங்கே கை கழுவுகிறார் என்று பார்த்தபடியே போனால் பாதி வழக்கம் பிடிபட்டுவிடும். டோக்கியோவின் வணிக வட்டாரங்களான நிஹோன்பாஷியிலும் கின்சாவிலும் அலுவலகக் கட்டடங்களுக்கு நடுவே ஒடுங்கி நிற்கும் சின்னக் கோயிலில் அதற்கு வழியில்லை. வாசலைத் தாண்டினால் சில எட்டில் உண்டியல். ஒரு நேரத்தில் ஒருவர், மிஞ்சினால் இருவர் நின்று கும்பிடலாம். பின்னால் வரிசை காத்திருக்கும். அங்கே நின்றுகொண்டு பையைத் துழாவுவதும், எத்தனை முறை கை தட்டணும் என்று போனில் தேடுவதும் உங்களுக்கும் சங்கடம், பின்னால் இருப்பவர்களுக்கும் சங்கடம். ஆகவே சின்னக் கோயில் என்றால் எல்லாத் தயாரிப்பும் வாசலுக்கு வெளியிலேயே முடிந்திருக்க வேண்டும்.

அந்த வாசலுக்குப் பெயர் தோரி. இரண்டு தூண், மேலே இரண்டு குறுக்குச் சட்டம், கதவு கிடையாது. ஜப்பானின் சொந்த மரபுச் சமயமான ஷின்தோவின் கோயிலுக்கு ஜின்ஜா என்று பெயர். இந்த இரண்டு சொல் தெரிந்தால் போதும், மற்றவற்றைப் போகப்போகப் பார்த்துக்கொள்ளலாம்.

இவ்வளவு சின்னக் கோயில்கள் நகரத்துக்குள் எப்படி வந்தன என்றால், அவை வரவில்லை. நகரம்தான் அவற்றைச் சுற்றி எழும்பியது. டோக்கியோவின் பழைய பெயர் எடோ. எடோவில் எங்கு திரும்பினாலும் கண்ணில் படுபவை மூன்று என்று ஒரு சொலவடை உண்டு: இசேயா என்ற பெயர் போட்ட கடை, இனாரி கோயில், நாய் மலம். பிரபுக்களின் மாளிகையிலும் வணிகர் தெருவிலும் ஆளுக்கொரு இனாரி இருந்தது. நெல்லுக்கும் விளைச்சலுக்கும் உரிய தெய்வம், பிறகு வியாபாரத்துக்கும் உரியதாயிற்று. மாளிகை போய்விட்டது, கடை போய்விட்டது, கோயிலை அகற்ற மட்டும் யாருக்கும் மனம் வரவில்லை. கின்சா 3ஆம் வட்டத்தில் உள்ள அசாஹி இனாரியில் கும்பிடும் இடம் தெருமட்டத்தில், மூலத்தானம் அதே கட்டடத்தின் மொட்டைமாடியில். தெய்வம் மண்ணை விட்டுப் பிரியக் கூடாது என்று மாடிக்கும் தரைக்கும் இடையே ஒரு குழாய் விட்டு, உள்ளே மண்ணை நிரப்பி வைத்திருக்கிறார்கள்.

ஷின்தோவா, பௌத்தமா?

இதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். ஷின்தோ கோயிலில் கை தட்டுவார்கள். பௌத்தக் கோயிலில் தட்டவே கூடாது, சத்தமில்லாமல் கைகூப்பினால் போதும். ஜப்பானிய வரைபடத்தில் தோரி வடிவக் குறி இருந்தால் ஷின்தோ, ஸ்வஸ்திகா இருந்தால் பௌத்தம். ஸ்வஸ்திகாவைப் பார்த்து வேறெதையும் நினைத்துவிடாதீர்கள். அங்கே அது வெறும் விகாரைக் குறி. பெயர் ஜின்ஜா, ஜிங்கூ, தைஷா என்று முடிந்தால் ஷின்தோ. ஜி, தேரா, இன் என்று முடிந்தால் பௌத்தம். வாசலில் ஊதுபத்திச் சாம்பல் நிறைந்த பெரிய கொப்பரை இருந்தால் அதுவும் பௌத்தம்தான்.

தவறு நடக்கிற இடம் ஒன்று உண்டு. அகாசாகா பக்கம் உள்ள தொயோகாவா இனாரி. பெயரில் இனாரி, முற்றத்தில் வரிசையாக நரிச் சிலைகள், எல்லாம் ஷின்தோ மாதிரியே இருக்கும். ஆனால் அது சோத்தோ ஜென் பிரிவைச் சேர்ந்த பௌத்தக் கோயில். அங்கே தட்டாதீர்கள்.

எங்கே தொடங்குவது

முதல்முறை என்றால் நிஹோன்பாஷியில் இரண்டு கோயிலைச் சேர்த்துப் பார்ப்பது நல்லது. முதலில் ஃபுகுதோகு ஜின்ஜா. மித்சுகோஷிமாயே ரயில் நிலையத்தில் இறங்கி கொரேதோ முரோமாச்சி வணிக வளாகத்தை நோக்கி வந்தால், கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவே சிவப்பும் வெள்ளையுமாகத் தெரியும். இன்றைய கட்டடம் 2014இல் எழுந்தது, கோயில் பழையது. 1614ஆம் ஆண்டுப் புத்தாண்டுக்கு வந்த ஷோகுன் (அன்று நாட்டை ஆண்ட படைத்தலைவர்) தொகுகவா ஹிதேததா, பட்டை உரிக்காத மரத்தால் செய்த தோரியில் தளிர் விட்டிருப்பதைக் கண்டு 'மெபுகி இனாரி', அதாவது தளிர்விட்ட இனாரி, என்று பெயர் வைத்தார் என்பது அங்குள்ள வரலாறு. முன்னால் கொஞ்சம் திறந்தவெளி இருப்பதால் பதறாமல் பழகிக்கொள்ள ஏற்ற இடம்.

அங்கிருந்து கால்மணி நேர நடையில் கோஅமி ஜின்ஜா. நேராக அங்கேயே போவதென்றால் நின்கியோச்சோ நிலையத்தின் ஏ2 வாசலிலிருந்து ஐந்து நிமிடம். கோயிலின் தொடக்கம் 1466 என்கிறார்கள். இப்போதுள்ள மரக்கட்டடம் 1929இல் கட்டியது. 1945 குண்டுவீச்சில் சுற்றுவட்டாரம் எரிந்தபோதும் இது தப்பியது. இந்தக் கோயிலின் காப்புத் தாயத்தை வாங்கிக்கொண்டு போருக்குப் போன இளைஞர்கள் எல்லோரும் உயிரோடு திரும்பினார்கள் என்ற நம்பிக்கையும் இதோடு சேர்ந்துகொண்டது. தடுமாறும் காலத்தைத் தள்ளிவிடும் கோயில் என்று இன்றும் கூட்டம் வருவது அதனால்தான்.

உயரக் கட்டடங்களுக்கு இடையே போனின் நீலப்புள்ளி ஒரு தெரு தள்ளிக் காட்டும். அதை நம்பிச் சுற்றாதீர்கள். கட்டட இடைவெளிகளில் சிவப்புத் துணிக்கொடிகள் தெரிகின்றனவா, முறுக்கிய வைக்கோல் கயிற்றில் மடித்த வெள்ளைக் காகிதம் தொங்குகிறதா என்று பாருங்கள். கின்சா 7ஆம் வட்டத்தில் உள்ள தொயோஇவா இனாரிக்குப் போகும் சந்து, எதிரே ஆள் வந்தால் உடம்பை ஒருக்களிக்க வேண்டிய அளவுக்குக் குறுகல். கடைக்குப் பின்புறம் போகிற வழி என்றே முதலில் தோன்றும். முதுகுப்பை இருந்தால் முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள், குடை விரித்திருந்தால் சந்தின் வாயிலேயே மடக்கிவிடுங்கள்.

எப்போது போகலாம், எப்போது கூடாது

கோஅமிக்கு வார நாளில் காலை ஒன்பது மணி வாக்கில் போனால் நிம்மதி. சனி, ஞாயிறுகளில் வரிசை கோயிலை விட்டு வெளியேறித் தெருமுனை திரும்பிவிடும். ஜப்பானியப் பஞ்சாங்கத்தில் பாம்பு நாள் என்று பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை வரும், அன்றும் கூட்டம். புலி நாள், மற்ற சுபநாள்களும் அப்படியே. போகிற தேதியை ஜப்பானிய நாள்காட்டியில் ஒருமுறை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

நம் ஊர்த் தீட்டு அங்கேயும் உண்டு. வீட்டில் நெருங்கியவர் இறந்து ஐம்பது நாள் ஆகவில்லை என்றால் தோரியைத் தாண்டுவதில்லை. அயல்நாட்டவரிடம் யாரும் இதைக் கேட்கப் போவதில்லை. ஆனாலும் தெரிந்த பிறகு கடைப்பிடிப்பதே மரியாதை.

பையில் இருக்க வேண்டியவை

ஐந்து யென் நாணயம் நான்கைந்து, நூறு யென் நாணயம் சில, ஆயிரம் யென் தாள் ஒன்றிரண்டு, ஒரு கைக்குட்டை. சின்னக் கோயிலில் அட்டை செல்லும் என்று நம்பிப் போகக் கூடாது. ஐந்து யென்னில் நடுவே துளை இருக்கும். 'கோ-என்' என்றால் ஐந்து யென். அதே ஒலிப்பில் 'நல்ல பந்தம்' என்றும் பொருள் வரும். அதனால்தான் அந்தக் காசுக்கு மவுசு. அதையேதான் போட வேண்டும் என்று விதி இல்லை. ஒரு யென் நாணயங்களை அள்ளிக் கொட்டுவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். 2022 ஜனவரி முதல் ஜப்பான் தபால் வங்கி நாணயங்களை எண்ணி வரவு வைக்கக் கட்டணம் வாங்குகிறது. குவியலான ஒற்றைக் காசு சின்னக் கோயிலுக்கு வருமானத்தை விடச் செலவாகவே முடியும்.

போட வேண்டிய காசை இப்போதே எடுத்துச் சட்டைப்பையில் தனியாக வையுங்கள். கைக்குட்டை இன்னொரு பையில். சின்னக் கோயிலில் பெரும்பாலான தடுமாற்றம் இந்த இரண்டையும் தேடுவதில்தான்.

தோரியில்

தொப்பி, கறுப்புக் கண்ணாடி, காதுக்கருவி ஆகியவற்றைக் கழற்றுங்கள். செருப்பைக் கழற்ற வேண்டாம். இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நம் கால் தானாகவே கழற்றப் பார்க்கும். தரைத்தளத்தில் வெளியே நின்று கும்பிடும் இடத்தில் காலணி போட்டபடியேதான் நிற்பார்கள். மரத்தளத்துக்குள் அழைத்து அர்ச்சகர் சடங்கு செய்தால்தான் கழற்ற வேண்டும்.

தோரிக்கு முன் நின்று ஒருமுறை தலை தாழ்த்திவிட்டு நுழையுங்கள். பாதையின் நடுப்பகுதி தெய்வம் வரும் வழி என்பது வழக்கம், ஆகவே ஓரமாக நடப்பார்கள். ஒரு கஜ அகலச் சந்தில் ஓரம் ஏது? அங்கே நடுவே நடந்தாலும் குற்றமில்லை. நடுவில் நின்று படம் பிடிப்பதுதான் குற்றம்.

கை கழுவுதல்

தண்ணீர்த் தொட்டியும் நீண்ட காம்புள்ள அகப்பையும் இருக்கும். முழுச் சடங்கும் ஓர் அகப்பைத் தண்ணீரில் முடிய வேண்டும். முதல்முறை வருகிறவர்கள் இடக்கையிலேயே பாதிக்கு மேல் கொட்டிவிட்டு மறுபடி மொள்ளுவார்கள், அது தவறு.

வலக்கையால் அகப்பையை எடுத்து நிறைய மொண்டு, இடக்கையில் கால்பங்கு ஊற்றுங்கள். அகப்பையை இடக்கைக்கு மாற்றி வலக்கையில் கால்பங்கு. மறுபடி வலக்கைக்கு மாற்றி, இடது உள்ளங்கையைக் குழித்து அதில் கொஞ்சம் வாங்கி வாய் கொப்பளியுங்கள். அகப்பையை வாயில் வைக்கக் கூடாது. தீர்த்தம் என்று நினைத்து விழுங்கவும் கூடாது. கையால் மறைத்துக்கொண்டு, தொட்டிக்குள் விழாமல் கீழே உள்ள வடிகாலில் மெல்லத் துப்ப வேண்டும். வாய் பட்ட இடக்கையை இன்னொரு தடவை அலம்புங்கள். மிஞ்சிய தண்ணீரோடு அகப்பையைச் செங்குத்தாக நிமிர்த்தினால் அது காம்பு வழியே வழிந்து, நீங்கள் பிடித்த இடத்தைக் கழுவிவிடும். அடுத்தவருக்காகச் செய்கிற வேலை இது. கடைசியில் கவிழ்த்து வையுங்கள்.

2020 பெருந்தொற்றுக்குப் பின் பல இடங்களில் அகப்பையை எடுத்துவிட்டு மூங்கில் குழாயில் தண்ணீர் விட்டிருக்கிறார்கள். அங்கே இரு கையையும் நீட்டி நனைத்தால் போதும். தொட்டியே இல்லாத கோயிலும் உண்டு. அப்போது கவலைப்படாமல் நேரே போகலாம்.

கும்பிடுதல்

உண்டியல் மரக்கம்பி போட்ட பெட்டியாக நேர் எதிரே இருக்கும். காசை வீசாதீர்கள், கையைத் தாழ்த்திக் கம்பிகளின் இடுக்கில் நழுவ விடுங்கள். மேலிருந்து தடித்த கயிறு தொங்கினால் அதைப் பிடித்து ஒருமுறை ஆட்டி மணியை ஒலிக்கலாம். கட்டி மேலே தூக்கி வைத்திருந்தால் ஒலிக்க வேண்டாம் என்று பொருள்.

பிறகு இரண்டு வணக்கம், இரண்டு தட்டு, ஒரு வணக்கம். இடுப்பிலிருந்து முதுகு தரைக்கு இணையாகும் வரை இருமுறை ஆழக் குனிந்து நிமிருங்கள். மார்புக்கு நேரே கைகளைச் சேர்த்து, வலக்கையை ஒரு விரற்கணு அளவு கீழே இறக்கி, இரண்டு முறை தட்டுங்கள். கையை இறக்குவதால் உள்ளங்கைகளுக்கு இடையே குழிவு கிடைத்து ஓசை தெளிவாக வரும். அது கச்சேரிக் கைதட்டல் மாதிரி படபடவென்று இருக்கக் கூடாது; இடைவெளி விட்டு இரண்டு. தட்டியதும் விரல்நுனிகளை மறுபடி சேர்த்து, கண்ணை மூடி, மனசுக்குள் உங்கள் பெயரையும் ஊரையும் சொல்லி, முதலில் நன்றி, பிறகு வேண்டுதல். பின்னால் வரிசை இருந்தால் கால் நிமிடத்துக்கு மேல் நீட்ட வேண்டாம். கையை இறக்கி இன்னொரு முறை ஆழக் குனிந்துவிட்டு, நேரே பின்வாங்காமல் பக்கவாட்டில் விலகுங்கள். பின்னால் நிற்பவர் ஓரடி தூரத்தில் இருப்பார்.

தமிழர் கைப்பழக்கம் சில இங்கே உதவாது. கன்னத்தில் போட்டுக்கொள்வது, தோப்புக்கரணம், கற்பூரம், ஊதுபத்தி எதுவும் வேண்டாம். வலம் வருவதும் பொது வழக்கம் இல்லை. சின்னக் கோயிலில் பின்புறம் பெரும்பாலும் பக்கத்துக் கட்டடத்தின் சுவர்தான். இனாரி கோயிலில் இரு பக்கமும் நிற்கும் நரி தெய்வமல்ல, தெய்வத்தின் தூதுவர். வாயில் சாவியோ நெற்கதிரோ ஏட்டுச்சுருளோ மணிக்கல்லோ கவ்வியிருக்கும். அதன் தலையைத் தடவுவதும் காலில் காசு வைப்பதும் கூடாது. பொரித்த தோஃபு நரிக்குப் பிடிக்கும் என்று படைப்பவர்கள் உண்டு. காக்கை வந்து கிளறிவிடும் என்பதால் கும்பிட்டு முடித்ததும் கையோடு திரும்ப எடுத்துவிட வேண்டும்.

கோஅமியில் மட்டும் பார்க்க வேண்டியவை

கும்பிட்டு விலகியதும் கொஞ்சம் அண்ணாந்து பாருங்கள். முன்கூரையின் கீழ் இரு பக்கமும் மரத்தில் செதுக்கிய டிராகன்கள். ஒன்று ஏறுகிறது, மற்றது இறங்குகிறது. பலர் உண்டியலைப் பார்த்துக் குனிந்துவிட்டு இதைப் பார்க்காமலே போய்விடுகிறார்கள்.

பக்கத்திலேயே பணம் அலம்பும் கிணறும், படகில் அமர்ந்த பென்சைதென் சிலையும். பென்சைதென் வேறு யாருமல்ல, நம் சரஸ்வதிதான். பௌத்தத்தோடு சீனா வழியாக ஜப்பானுக்குப் போனவள். வீணைக்குப் பதில் பீவா என்ற நரம்பிசைக்கருவி. ஆற்றுத் தெய்வமாகத் தொடங்கியவள் என்பதால் அங்கே அவள் கோயில்கள் நீர்நிலையை ஒட்டியே இருக்கும். காலப்போக்கில் கல்வியோடு செல்வமும் அவள் பொறுப்பாயிற்று. வெள்ளைப் பாம்பு அவளுடைய தூதுவர். பாம்பு நாளில் கூட்டம் வருவது இதனால்தான். கோஅமியில் உள்ளவள் முதலில் ஒரு பௌத்த மடத்தில் இருந்தவள். மெய்ஜி அரசு 1868இல் ஷின்தோவையும் பௌத்தத்தையும் பிரித்ததை அடுத்து இங்கே வந்து சேர்ந்தாள்.

பணம் அலம்பும் முறை எளிது. அங்கே இருக்கும் சிறு சல்லடைக் கூடையில் நாணயத்தை வைத்து, அகப்பையால் தண்ணீர் ஊற்றி, கைக்குட்டையால் ஒற்றி எடுங்கள். பர்ஸில் தனியாக வைத்துக்கொள்வது வழக்கம். தாளை முக்கி நனைக்க வேண்டாம். ஓரத்தில் இரண்டு துளி போதும். பர்ஸையே தண்ணீரில் நீட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், தோல் வீணாவதுதான் மிச்சம்.

நவம்பர் 28 வாக்கில் டோக்கியோவில் இருந்தால் அங்கே நடக்கும் தொபுரோகு விழாவைத் தவறவிடாதீர்கள். தொபுரோகு என்பது வடிகட்டாத வெண்மையான அரிசி மது. அந்த நாளில் நாணல் பூக்கதிரால் கட்டிய ஆந்தைப் பொம்மை காப்பாகக் கிடைக்கும். கைக்குள் அடங்கும், தொட்டால் பூனைக்குட்டி மாதிரி இருக்கும், பைக்குள் அமுக்கினால் உதிர்ந்துவிடும்.

சீட்டு, தாயத்து, முத்திரை

கும்பிட்டு முடித்த பிறகே அலுவலகச் சன்னலுக்குப் போக வேண்டும். சின்னக் கோயில்களில் ஒன்பது அல்லது பத்து மணிக்குத் திறந்து நான்கு, ஐந்துக்கு மூடிவிடுவார்கள். ஆளே இல்லாத கோயிலும் நிறைய. இங்கே கொடுக்கும் பணத்துக்கு 'ஹாத்சுஹோர்யோ' என்று பெயர், முதல் நெற்கதிருக்கு ஈடான காணிக்கை. ஆகவே 'வாங்குவது' என்று சொல்வதில்லை, 'பெற்றுக்கொள்வது' என்பார்கள். பேரம் பேசும் பேச்சே கிடையாது.

ஒமிகுஜி என்ற குறிச்சீட்டு பெரும்பாலும் நூறிலிருந்து முந்நூறு யென். கோஅமியில் பட்டுக்கூட்டுக்குள் வைத்த சீட்டு கிடைக்கும். 'தைகிச்சி' என்றால் பெரும் நன்மை, 'கியோ' என்றால் தீமை. கியோ வந்தால் பதற வேண்டாம். கவனமாக இரு என்ற அறிவுரை என்றே எடுத்துக்கொள்வார்கள். கட்டிவிட்டுப் போவதானால் அதற்கென்று உள்ள கம்பியில்தான் கட்ட வேண்டும். மரக்கிளையில் கட்டினால் கிளை நெரிபட்டுப் பட்டுப்போகும். ஓமாமோரி என்ற துணித்தாயத்து ஐந்நூறிலிருந்து ஆயிரம் யென் வாக்கில். அதைப் பிரித்து உள்ளே பார்க்கக் கூடாது. ஒரு வருடம் ஆனதும் கோயிலிலேயே திருப்பிக் கொடுப்பார்கள்.

கோஷுயின் என்பது தூரிகையால் கோயில் பெயரும் தேதியும் எழுதிச் சிவப்பு முத்திரை பதித்துத் தருவது. இதற்கென்று மடிப்புப் புத்தகம் உண்டு. சாதாரண நோட்டை நீட்டினால் மறுத்துவிடுவார்கள், அதில் நியாயமும் இருக்கிறது, ஏனென்றால் இது நினைவு முத்திரை அல்ல. எழுத வேண்டிய பக்கத்தைத் திறந்து, உறையைக் கழற்றி, இரு கையாலும் கொடுங்கள். சின்னக் கோயிலில் முன்கூட்டியே எழுதிய தனித்தாள்தான் பெரும்பாலும் கிடைக்கும். வீட்டுக்கு வந்து ஒட்டும்போது தண்ணீர்ப் பசை போட்டால் ஜப்பானியத் தாள் சுருங்கிவிடும். குச்சிப் பசை பயன்படுத்துங்கள்.

படம் எடுக்க விரும்பினால் கும்பிட்ட பிறகு, ஓரத்திலிருந்து. சன்னிதியின் உட்பகுதியை நேராகக் குறிவைக்காதீர்கள். வரிசையில் நிற்பவர்களின் முகம் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவர்கள் மனக்கவலையோடு வந்திருக்கலாம். முக்காலி வேண்டவே வேண்டாம்.

வெளியே வந்ததும் திரும்பிக் கோயிலைப் பார்த்து ஒருமுறை தலை தாழ்த்துங்கள். இன்னும் கால் வலிக்கவில்லை என்றால் நின்கியோச்சோ வட்டாரத்திலேயே மற்ற சின்னக் கோயில்கள் இருக்கின்றன. ஏழு அதிர்ஷ்ட தெய்வங்களின் நிஹோன்பாஷிச் சுற்று இவற்றை இணைத்ததுதான், கோஅமியும் அதில் ஒன்று. ஜனவரி முதல் வாரத்தில் அந்தச் சுற்றில் நல்ல கூட்டம். மற்ற மாதங்களில் இரண்டு மணி நேரத்தில் நிதானமாக நடந்து முடித்துவிடலாம். ஒவ்வொரு தோரிக்கும் முன்னால் நின்று அடுத்த ஐந்து யென்னை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.